ஒரு கேள்வியை நாடாளுமன்றம்வரை கொண்டுபோய், பதிலைக் கடைசிவரை விடாமல் பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 75(3) பிரிவு. அதன் உச்சக்கட்டம் நம்பிக்கையில்லாத் தீர்மானம். 1963இல் நேரு அரசுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்ததுதான் முதலாவது. ஆதரவாக 62 வாக்குகள், எதிராக 347. கையில் பெரும்பான்மை உள்ள அரசை இந்த வழியில் அசைக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. அன்றாடக் கண்காணிப்பு நடக்கும் இடங்கள் வேறு. எழுத்துப்பூர்வக் கேள்விகள், உறுதிமொழிப் பட்டியல்கள், கேமரா நுழையாத குழு அறைகள், யாரும் புரட்டாத தணிக்கை அறிக்கைகள்.

அந்த இடங்களை ஊர்ப் பொதுநலச் சங்கமோ, விவசாயிகள் அமைப்போ, உள்ளூர்ச் செய்தியாளரோ எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இங்கே சொல்லப்படுகிறது. உதாரணத்துக்கு ஒரே பிரச்சினையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: வீட்டு வாசலில் குழாய் வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை.

படி 1: இது யாருடைய பொறுப்பு?

எம்.பி. அலுவலகங்களுக்கு வரும் மனுக்களில் பெரும்பகுதி நாடாளுமன்றத்தில் எழுப்பவே முடியாதவை. உள்ளூர் காவல் நிலையம், பட்டா மாறுதல், பேருந்து நிலையச் சாலை எல்லாம் மாநில அரசின் அல்லது உள்ளாட்சியின் பொறுப்பு. இந்திய அரசுக்கு முதன்மைப் பொறுப்பு இல்லாத விஷயத்தைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது என்பது மக்களவை நடத்தை விதி 41இல் உள்ள நிபந்தனைகளில் ஒன்று. மக்களவைச் செயலகம் அதை அப்படியே தள்ளிவிடும்.

அதனால் முதலில் தேட வேண்டியது ஒன்றிய அரசைப் பிடிக்க ஒரு கைப்பிடி. பொதுவாக நான்கு கைப்பிடிகள் கிடைக்கும்: ஒன்றிய அரசின் பணம், ஒன்றியச் சட்டம், ஒன்றியப் பொதுத்துறை நிறுவனம், ஒன்றிய ஒழுங்குமுறை ஆணையம். குடிநீர் வழங்கல் மாநிலப் பொருள்தான். ஆனால் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான செலவை ஒன்றியமும் மாநிலமும் பாதிக்குப் பாதி ஏற்கின்றன. ‘எங்கள் ஊரில் தண்ணீர் ஏன் வரவில்லை?’ என்ற கேள்வி தள்ளப்படும். ‘இந்தத் திட்டத்தில் நீங்கள் விடுவித்த பணத்துக்கு என்ன கிடைத்தது?’ என்ற கேள்வி நிற்கும்.

கைப்பிடி ஒன்றுமே அகப்படவில்லையென்றால் சட்டப்பேரவைப் பக்கம் போக வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 2: கேட்பதற்கு முன் தேடுங்கள்

ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியைத் திரும்பக் கேட்க முடியாது. எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ள தகவலையும் கேட்க முடியாது. நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் பழைய கேள்வி பதில்கள் அமைச்சகவாரியாகவும் தேதிவாரியாகவும் கிடைக்கின்றன. கடந்த இரண்டு மூன்று கூட்டத்தொடர்களில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் ஜல் சக்தி அமைச்சகம் அளித்த பதில்களைப் படித்தால் இரண்டு நன்மைகள். திரும்பக் கேட்டு மூக்குடைபட வேண்டாம் என்பது ஒன்று. எந்தக் கேள்விக்கு அமைச்சகம் எப்படி நழுவுகிறது என்பது முன்கூட்டியே தெரியும் என்பது இன்னொன்று. அதுதான் பெரியது.

அடுத்து, திட்டத்தின் இணையப் பலகையில் உங்கள் கிராமத்துக்கு என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எண்கள் மாறும், சேமித்த பக்கம் மாறாது.

இடைவெளி எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்யத் தகவல் உரிமைச் சட்டம் உதவும். ஒன்றிய அரசுக்கான விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. விண்ணப்பம் 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும், பதிலுக்கு 30 நாள் கெடு. எம்.பி.யை அணுகுவதற்கு இரண்டு மாதம் முன்பே இதைப் போட்டுவிடுவது நல்லது. கையில் ஒரு அதிகாரபூர்வ எண் இருந்தால் கேள்வியின் எடையே வேறு.

படி 3: காலக்கணக்கு

பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இங்கேதான். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர்கள் வழக்கம். இரண்டு தொடர்களுக்கு நடுவே ஆறு மாதம் போகக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 85ஆவது பிரிவு சொல்கிறது. தேதி மட்டும் நிரந்தரமில்லை.

கேள்விக்கான அறிவிப்பு குறைந்தது 15 முழு நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். முழு நாள் என்றால் அறிவிப்பு கொடுத்த நாளும் பதில் சொல்லும் நாளும் கணக்கில் வராது. மக்களவையில் அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள். ஆக, நான்கு வாரத் தொடரில் ஜல் சக்தி அமைச்சகம் பதில் சொல்லும் நாள்கள் நான்குதான், அவற்றிலும் விடுமுறையும் அமளியும் சில நாள்களைத் தின்றுவிடும்.

கூட்டத்தொடர் தொடங்கியதும் எம்.பி.யைப் பார்க்கப் போனால் முதல் இரண்டு வாரங்கள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருக்கும். அழைப்பாணை வெளியான அன்றே அமைச்சகங்களுக்கான நாள் பட்டியலும் அறிவிப்புக்கான கடைசி நாள்களும் வெளியிடப்படும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

படி 4: கேள்வியை எழுதுதல்

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக்கேள்வி கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில், துணைக்கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 குறியிடாதவை. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விப் பட்டியல் பச்சைத் தாளில் அச்சாகும், மற்றது வெள்ளைத் தாளில்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் நட்சத்திரக் கேள்விதான் வேண்டும் என்பார்கள், தொலைக்காட்சியில் வருமே! ஆனால் 20 கேள்விகளில் கேள்வி நேரம் முடிவதற்குள் அவையில் எடுத்துக்கொள்ளப்படுபவை சிலவே, மற்றவற்றுக்கு எழுத்துப் பதில்தான். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் குறியிடாத கேள்வியே சிறந்தது. கொள்கையை மாற்றச் சொல்லி அமைச்சரை நெருக்க வேண்டுமென்றால் நட்சத்திரக் கேள்வி. முதலில் குறியிடாத கேள்வியில் எண்களை வாங்கிக்கொண்டு, அடுத்த தொடரில் அந்த எண்களை வைத்து நட்சத்திரக் கேள்வி போடுவது அனுபவசாலிகள் செய்யும் முறை.

மக்களவையில் ஒரு கேள்வி சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு, அடைமொழி கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் உள்ளதையும் நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனையில் உள்ளதையும் தொடாமல் இருப்பது நல்லது.

நிற்காத கேள்வி ஒன்றைப் பாருங்கள்:

*தமிழ்நாட்டில் ஜல் ஜீவன் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது அரசுக்குத் தெரியுமா? ஊழல் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப்படுமா?*

‘படுதோல்வி’ ஊகம், ‘ஊழல் அதிகாரிகள்’ குற்றச்சாட்டு. அப்படியே தப்பித் தவறி ஏற்கப்பட்டாலும் முதல் பகுதிக்கு ‘இல்லை’ என்றும், இரண்டாவதற்கு ‘கேள்வி எழவில்லை’ என்றும் இரண்டே வரியில் பதில் வரும். முதல் பகுதிக்கு ‘இல்லை’ சொல்ல முடிகிற கேள்வி எதுவாக இருந்தாலும் அதற்கு இந்தக் கதிதான்.

அதே விஷயம், நிற்கும்படியாக:

*ஜல் சக்தி அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:*
*(அ) தமிழ்நாட்டில் ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ்க் குழாய் இணைப்பு பெற்றதாகப் பதிவான ஊரக வீடுகளின் எண்ணிக்கை, மாவட்டவாரியாக;*
*(ஆ) அவற்றில் ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் கிடைப்பது களஆய்வில் உறுதிசெய்யப்பட்ட இணைப்புகள் எத்தனை, ஆய்வு நடந்த மாதமும் ஆண்டும்;*
*(இ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒதுக்கப்பட்ட, விடுவிக்கப்பட்ட, செலவழிக்கப்பட்ட ஒன்றிய நிதி, ஆண்டுவாரியாக;*
*(ஈ) விடுவிக்கப்படாத தொகை இருப்பின், அதற்கான காரணம்;*
*(உ) குறைபாடு கண்டறியப்பட்ட இணைப்புகளைச் சரிசெய்ய வகுக்கப்பட்டுள்ள காலக்கெடு?*

இதில் கவனிக்க வேண்டியவை சில. ‘55 லிட்டர்’ நம்முடைய ஆசை இல்லை, திட்டமே வகுத்த அளவு. அரசின் அளவுகோலாலேயே அரசை அளக்கும் கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம். ‘ஒதுக்கப்பட்ட, விடுவிக்கப்பட்ட, செலவழிக்கப்பட்ட’ என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறது. ‘எவ்வளவு நிதி கொடுத்தீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் மூன்றில் எது பெரிதோ அது பதிலாக வரும், அது பெரும்பாலும் ஒதுக்கீடுதான். ‘ஆய்வு நடந்த மாதமும் ஆண்டும்’ என்று கேட்டதால் பழைய ஆய்வைப் புதியதுபோல் காட்ட முடியாது.

ஊராட்சிவாரியாகக் கேட்க ஆசை வரும். வேண்டாம். அந்த அளவுக்கு இறங்கினால் ‘இத்தகவல் ஒன்றிய அளவில் பராமரிக்கப்படுவதில்லை’ என்று கைவிரித்துவிடலாம். மாவட்டம்வரை நாடாளுமன்றத்தில், அதற்குக் கீழே தகவல் உரிமைச் சட்டத்தில்.

நட்சத்திரக் கேள்வியென்றால் துணைக்கேள்விகளையும் எழுதிக் கொடுங்கள். கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு வாய்ப்பு கிடைக்கும். பதில் ‘ஆம்’ என்றால் ஒன்று, ‘இல்லை’ என்றால் வேறொன்று, மாநிலத்தின்மேல் பழி போட்டால் மூன்றாவது என்று தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியத்துக்குள். துணைக்கேள்வியில் முன்னுரை நீண்டால் சபாநாயகர் ‘கேள்வியைக் கேளுங்கள்’ என்பார், அந்தக் குழப்பத்தில் கேள்வியே போய்விடும்.

படி 5: எம்.பி.யை அணுகுதல்

தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். புதுச்சேரிக்கு இரண்டு அவைகளிலும் தலா ஒருவர். உங்கள் தொகுதி எம்.பி. அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்லும் பக்கம் இருப்பவர். அப்போது மாநிலங்களவை உறுப்பினரிடம் போகலாம்.

எம்.பி.யைவிட முக்கியமானவர் அவருடைய உதவியாளர். கேள்விகளைத் தட்டச்சு செய்து ஏற்பாடு செய்பவர் அவர்தான். கொண்டுபோக வேண்டியது ஒரே ஒரு பக்கம்: மேலே பிரச்சினை மூன்று வரியில், நடுவே தயாரான கேள்வி ஆங்கிலத்தில், கீழே ஆதார ஆவணங்களின் பட்டியல், எந்த நாளுக்கான கேள்வி, அதற்கு அறிவிப்பின் கடைசி நாள் எது. முப்பது பக்கக் கோப்பு மேசையிலேயே தங்கிவிடும்.

மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகளுக்குத்தான் அறிவிப்பு தரலாம், வரிசையைக் குலுக்கல் தீர்மானிக்கும். அதனால் ஒரே எம்.பி.யை நம்பாமல் மூன்று நான்கு பேரிடம் கொடுப்பது நல்லது, கட்சி எதுவாக இருந்தாலும். ஆனால் வரிக்கு வரி ஒரே வாசகத்தைக் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு நிதி, இன்னொருவருக்கு நீரின் தரம், மூன்றாமவருக்குக் களஆய்வு என்று பிரித்துக் கொடுத்தால் மூன்று பதில்கள் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பணமோ பரிசோ பேச்சில்கூட வரக் கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள், மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். கேள்வியை இணையத்தில் பதிவேற்றும் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு ‘நாங்களே போட்டுவிடுகிறோம்’ என்பதும் கூடவே கூடாது. கடவுச்சொல் பகிர்வு 2023 டிசம்பரில் ஓர் உறுப்பினரின் நீக்கம்வரை போனது.

படி 6: பதிலைப் பிரித்துப் படிப்பது

பதில் வந்ததும் கொண்டாடிவிட வேண்டாம். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் (அ) முதல் (உ) வரை நீங்கள் கேட்டது, வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் வந்தது. அப்போதுதான் ஓட்டைகள் கண்ணில் படும்.

அடிக்கடி வரும் நழுவல்கள்:

‘(அ) முதல் (உ) வரை’ என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதில். திட்டத்தின் வரலாறு, நோக்கம், சாதனை என்று இரண்டு பக்கம் ஓடும். சங்கடமான (ஆ) நடுவில் கரைந்து காணாமல் போயிருக்கும். எல்லா நழுவல்களிலும் நேர்த்தியானது இதுதான், வேகமாகப் படித்தால் பிடிபடாது.

‘குடிநீர் மாநிலப் பொருள்’. உண்மைதான், ஆனால் ஒன்றிய நிதியைப் பற்றிய கேள்விக்கு அது பதில் ஆகாது.

‘மாநில அரசு தெரிவித்தபடி’. இந்தச் சொற்றொடர் வந்தால் அமைச்சகம் தானாக எதையும் சரிபார்க்கவில்லை என்று பொருள். அடுத்த கேள்வி அங்கேயே பிறக்கிறது: சரிபார்க்க என்ன ஏற்பாடு?

‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’. இதைப் பார்த்து ஏமாற்றம் அடைவார்கள். உண்மையில் கிடைக்கக்கூடிய நல்ல பதில்களில் இது ஒன்று. ஏன் என்பது எட்டாம் படியில்.

படி 7: பதில் போதவில்லையென்றால்

மக்களவை விதி 55இன்கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். பதிலில் உள்ள தகவலுக்கு மேலும் விளக்கம் தேவைப்படும் அளவுக்குப் பொதுமுக்கியத்துவம் இருக்க வேண்டும். காரணக் குறிப்போடு மூன்று நாள் முன்பு அறிவிப்பு. நீங்கள் போட்ட அந்த இரண்டு பத்தித் தாள்தான் இங்கே காரணக் குறிப்பாக மாறும்.

விதி 377இன்கீழ் ஒரு விஷயத்தை எழுத்தில் எழுப்பலாம். மாநிலங்களவையில் இதற்கு இணையானது சிறப்புக் குறிப்பு (Special Mention). சம்பந்தப்பட்ட அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் உறுப்பினருக்குப் பதில் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. அந்தக் கடிதம் எம்.பி. அலுவலகத்துக்குத்தான் போகும். கேட்டு வாங்காவிட்டால் உங்களுக்கு வந்து சேராது. அவசர விஷயங்களை உறுப்பினர்கள் அவையில் வாய்மொழியாக எழுப்பும் பூஜ்ய நேரம் செய்தித்தாளுக்கு நல்லது, கோப்புக்கு அவ்வளவு உதவாது.

அமைச்சர் சொன்னது தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், சபாநாயகரின் உத்தரவு 115இன்கீழ் உறுப்பினர் அதைச் சபாநாயகருக்கு எழுதலாம். உரிமை மீறல் அறிவிப்பு என்று எடுத்த எடுப்பில் முழங்குவதைவிட இது பயன் தரும். தெரிந்தே அவையைத் திசைதிருப்பினார் என்று நிரூபிப்பது மிகக் கடினம். தகவல் தவறு என்று காட்டித் திருத்த வைப்பது அப்படியில்லை.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு முந்த்ரா விவகாரம் இன்றைக்கும் பாடம். தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் எல்.ஐ.சி. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு செய்ததை 1957இல் மக்களவையில் பெரோஸ் காந்தி விடாமல் துருவினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் விசாரணை ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

படி 8: உறுதிமொழியைப் பிடிப்பது

அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் கூர்மையான கருவி இது. அமைச்சர் அவையில் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘விசாரித்து அவைக்குத் தெரிவிக்கிறேன்’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்றெல்லாம் சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை, உறுதிமொழி. எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழியாகும் என்பதற்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு 1953இலும் மாநிலங்களவையின் குழு 1972இலும் தொடங்கின. முன்னதில் 15 பேர், பின்னதில் 10 பேர்.

உறுதிமொழியை நிறைவேற்ற மூன்று மாதம் கெடு. முடியாவிட்டால் அமைச்சகம் குழுவிடம் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். நிறைவேற்ற இயலாது என்றால் கைவிட அனுமதி கேட்க வேண்டும், காரணத்தோடு. அதிகாரிகளுக்கு இந்தக் குழுவின் முன் போய் நிற்பது பிடிக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பதில் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்தை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதில் உறுதிமொழியாகப் பதிவானதா என்று எம்.பி. அலுவலகம் வழியாகக் கேளுங்கள். பதிவாகவில்லையென்றால் அதை உறுதிமொழியாகச் சேர்க்கும்படி உறுப்பினர் குழுவுக்கு எழுதலாம். பதிவாகி மூன்று மாதமும் தாண்டிவிட்டால், நிலுவையைச் சுட்டிக்காட்டிக் குழுத் தலைவருக்கு எழுதலாம். நிறைவேற்ற அறிக்கை அவையில் வைக்கப்பட்டால் அதை முதல் கேள்வியோடு ஒப்பிட்டுப் படியுங்கள். கேட்டது காய்ச்சலுக்கு, கொடுத்தது தலைவலிக்கு என்கிற கதை இங்கேயும் உண்டு.

படி 9: நிலைக்குழுக்களுக்கு எழுதுவது

துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் 17 ஆகத் தொடங்கி 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்களுக்கு இடமில்லை. மானியக் கோரிக்கைகள் (அமைச்சகங்கள் செலவுக்காக அவையிடம் கேட்கும் தொகைகள்), அனுப்பப்படும் மசோதாக்கள், அமைச்சக ஆண்டறிக்கைகள், நீண்டகாலக் கொள்கைகள் ஆகியவற்றை ஆராய்வது இவற்றின் வேலை. அன்றாட நிர்வாகம் இவற்றின் எல்லைக்குள் வராது. ‘எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை’ என்று எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். ‘இணைப்புகளின் எண்ணிக்கைக்கு நிதி விடுவிக்கிறார்கள், தண்ணீர் வருகிறதா என்று பார்த்து விடுவிப்பதில்லை’ என்று எழுதினால் படிப்பார்கள்.

மசோதா ஒன்று குழுவுக்குப் போனால் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு விளம்பரம் வருவது வழக்கம். அவகாசம் குறைவு. உங்கள் கருத்தை எழுதி அனுப்பும் குறிப்பாணையைப் பிரிவுவாரியாக எழுதுங்கள்: மசோதாவில் உள்ள வாசகம், அதனால் வரும் சிக்கல், மாற்று வாசகம். பொதுவான கண்டனத்தால் பயனில்லை. மாற்று வாசகத்தை எழுதிக் கொடுப்பவரின் வரிதான் அறிக்கையில் ஏறும். ‘நேரில் சாட்சியம் அளிக்க விரும்புகிறேன்’ என்று மறக்காமல் சேர்க்க வேண்டும். குறிப்பாணை கொடுத்துவிட்டால் அது குழுவின் ஆவணம். குழுவின் அனுமதி இல்லாமல் அதை வெளியிடக் கூடாது.

குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. அதனால் ‘என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பயன் இருக்கும் இடம் அடுத்த அறிக்கை. பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் குழு ‘எடுத்த நடவடிக்கை அறிக்கை’ வெளியிடும். மக்களவைக் குழுக்களின் அறிக்கையில் பொதுவாக ஐந்து அத்தியாயங்கள். இரண்டாவதில் அரசு ஏற்றவை. மூன்றாவதில், அரசின் பதிலைப் பார்த்தபின் குழு மேற்கொண்டு வலியுறுத்த விரும்பாதவை. நான்காவதில், அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்தவை. ஐந்தாவதில் இறுதிப் பதில் வராதவை. நேரமில்லாதவர்கள் நான்காவதையும் ஐந்தாவதையும் மட்டும் படித்தால் போதும், அடுத்த தொடருக்கான கேள்விகள் அங்கே தயாராகக் கிடக்கும்.

படி 10: தணிக்கை அறிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும்

தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 151ஆவது பிரிவின்படி ஒன்றியக் கணக்கென்றால் குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்திலும், மாநிலக் கணக்கென்றால் ஆளுநர் வழியாகச் சட்டப்பேரவையிலும் வைக்கப்படும். வைத்தபின் இணையத்தில் யாரும் படிக்கலாம். செயல்திறன் தணிக்கை அறிக்கை கையில் கிடைத்தால் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். முதலில் தணிக்கையின் காலம், பிறகு மாதிரியாக எடுத்த மாவட்டங்கள். உங்கள் மாவட்டம் அதில் இல்லையென்றால் ‘எங்கள் மாவட்டத்தில் இப்படி நடந்ததாகத் தணிக்கை சொல்கிறது’ என்று எழுதுவது தவறு. பிறகு ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் இருக்கும் துறையின் பதிலைப் பாருங்கள். ‘பதில் ஏற்கத்தக்கதல்ல’ என்று தணிக்கையாளர் எழுதியிருந்தால் அந்தப் பத்தியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தணிக்கையின் கணிப்பும் நீதிமன்றத் தீர்ப்பும் ஒன்றில்லை. அலைக்கற்றை ஒதுக்கீட்டில் அனுமான இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய்வரை இருக்கலாம் என்றது 2010 அறிக்கை. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இதைக் குழப்பிக்கொண்டு மேடையேறினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் உட்கார வைத்துவிடும்.

அறிக்கையை ஆராய்வது பொதுக் கணக்குக் குழு. 1921 முதல் இருந்துவருவது. 22 பேர், மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவராக இருப்பது மரபு. எல்லாப் பத்திகளையும் குழு எடுத்து விசாரிக்காது. எடுக்காத பத்திகளுக்கும் துறை நான்கு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்பு தர வேண்டும். அந்தக் குறிப்பு போனதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

மனு அனுப்புவது

இரு அவைகளிலும் மனுக்கள் குழு உண்டு. அவையில் முறையாகச் சமர்ப்பிக்கும் மனுவுக்கு உறுப்பினர் ஒருவரின் மேலொப்பம் தேவை. தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். கண்ணியமான மொழி, ஒரே விஷயம், தெளிவான கோரிக்கை. கட்டணம் இல்லை. தனிப்பட்ட குறைக்கு இது இடமில்லை, பொதுநலப் பிரச்சினைக்கே.

மாநிலப் பொருளாக இருந்தால்

தமிழ்நாடு சட்டப்பேரவையில் 234 உறுப்பினர்கள். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு எல்லாம் அங்கேயும் உண்டு. மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு நேரில் வரும். வருவதற்கு முன் மாவட்ட நிர்வாகம் மனு கேட்டு அறிவிக்கும், அதைத் தவறவிடக் கூடாது. மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். மூன்று ஆண்டுக் குறிப்புகளை அருகருகே வைத்து, அதே பணி ‘முன்னேற்றத்தில் உள்ளது’ என்று மூன்றிலும் வருகிறதா என்று பாருங்கள். எம்.எல்.ஏ.வுக்கு அதைவிட நல்ல கேள்வி கொடுக்க முடியாது.

கோப்பை எப்படி வைத்துக்கொள்வது

ஒரு பிரச்சினைக்கு ஒரு கோப்பு. முதல் பக்கத்தில் அட்டவணை: கேள்வி எண், தேதி, அவை, பதிலின் சாரம், உறுதிமொழியானால் அதன் எண், அடுத்து செய்ய வேண்டியது, கெடு. எம்.பி. மாறுவார், உதவியாளர் மாறுவார், அமைச்சகத்தின் பெயர்கூட மாறும். எண்ணும் தேதியும் இருந்தால் புதியவர் பத்து நிமிடத்தில் தொடர முடியும்.

உறுதிமொழி எண்ணைத் தனியாகக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மக்களவை கலைக்கப்பட்டால் அதில் நிலுவையில் இருந்த கேள்வி அறிவிப்புகளும் தீர்மானங்களும் மனுக்களும் காலாவதியாகிவிடும். உறுதிமொழிக் குழுவின் பரிசீலனையில் உள்ளவை காலாவதியாவதில்லை, புதிய அவையின் குழு அவற்றைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும். தேர்தல் முடிந்து புதிய எம்.பி. பொறுப்பேற்றதும் அவரிடம் கொடுக்கும் முதல் கடிதத்தில் அந்த எண் முதல் வரியிலேயே இருக்கட்டும்.